முப்பத்தோராவது நிமிடம்

வந்தவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே பேசினாள்.

"நாளைக்குக் காலையில எங்க மென்பொருள் வெளியாகுது சார். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் எழுதின அறிக்கை பொய்னு கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா வேலையை விட்டுப் போகணுமாம்."

துப்பறிபவர் நிதானமான மனிதர். வாயைத் திறப்பதற்கு முன் காதைத் திறப்பவர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி பென்சிலைச் சீவித் தயாராக இருந்தான். தபால்காரர் தாமதமாக வந்தால்கூட அதில் ஒரு சதியைப் பார்த்துவிடுகிற ஆசாமி.

"என்ன எழுதினீங்கம்மா?"

"யார் யாரோட பேசறாங்கன்னு வெளியே தெரியாம மறைக்கிற மென்பொருள் சார். அதுக்கு ரகசியச் சாவி உண்டு. சாவின்னா ஒரு நீளமான எண், அவ்வளவுதான். அதுக்கு ஆயுசு வச்சிருப்போம். திருடன் கையில சிக்கினாலும் சீக்கிரம் செத்துப் போகணுமில்லையா? நான் அரை மணி ஆயுசுள்ள சாவி செஞ்சு ஏழு தடவை சோதிச்சேன். ஏழு தடவையும் செத்த சாவியோட பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. மத்தவங்க செஞ்சா உடனே துரத்திடுது. அதனால நான் கதை கட்டறேனாம்."

"மாமா, எவனோ இவங்க கணினியில கை வச்சிருக்கான்!" என்றான் தம்பி.

"முதல்ல போய்ப் பார்ப்போம் மாப்ளே."

அலுவலகத்தில் அந்த மென்பொருளை எழுதிய இளைஞன் எதிரே வந்தான். வேகத்துக்காக அவனுக்குப் 'புயல்' என்று பட்டப்பெயர்.

"சார், அக்கா நல்லவங்கதான். ஆனா நாங்க சும்மாவா அவங்களுக்கு ஆமைன்னு பேர் வச்சோம்? பாருங்க."

அவளுடைய மேசையிலேயே உட்கார்ந்தான். புதுச் சாவி ஒன்று செய்தான். இரண்டு கணினிகளை அந்தச் சாவியால் பேச வைத்தான். விரல்கள் பறந்தன. இரண்டே நிமிடத்தில் திரையில் சிவப்பு எழுத்து: 'சாவியின் ஆயுள் முடிந்தது. இணைப்பு மறுக்கப்பட்டது.'

"முடிஞ்சுது கதை," என்றார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அலுவலகத் தலைவர்.

தம்பி மெல்லக் குனிந்தான். "மாமா, இந்தக் கணினியில மணி நாலேகால். என் கைக்கடிகாரத்துல மூணரைதான் ஆகுது."

"நல்ல கண்ணு உனக்கு. எழுதிக்கோ."

துப்பறிபவரின் பார்வை மேசை ஓரத்தில் கிடந்த கம்பளிப் பின்னலில் நின்றது. ஏழு நிறத்தில் ஏழு பட்டைகள், எல்லாம் ஒரே அகலம்.

"இது?"

அவள் கூசினாள். "ஒரு சோதனைக்கு ஒரு பட்டை சார். வெறுங்கையோட உட்கார்ந்திருக்க முடியலே."

"ஆபீஸ்ல பின்னல் வேலை வேறயா!" என்றார் தலைவர்.

"அந்தப் பின்னல்தான் இவங்களுக்குச் சாட்சி. எல்லாரையும் கூப்பிடுங்க."

கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"இங்கே குற்றவாளி யாரும் இல்லை," என்று அவர் தொடங்கியதும் தம்பியின் முகம் தொங்கிவிட்டது. "புயல் தம்பி, அரை மணி ஆயுசுள்ள சாவி ரெண்டு நிமிஷத்துல எப்படிச் செத்துச்சு?"

"கணினிக் கடிகாரத்தை முக்கால் மணி முன்னால தள்ளினேன் சார். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். யாரு அரை மணி நேரம் உட்கார்ந்து காத்திருப்பாங்க?"

"ஒருத்தங்க காத்திருந்தாங்க. ஏழு பட்டை பின்னற அளவுக்கு. அவங்க கடிகாரத்தைத் தொடவே இல்லை. சரி, கடிகாரம் திடீர்னு தாவினா உங்க மென்பொருள் என்ன பண்ணும்?"

"ஏதோ கோளாறுன்னு நினைச்சு எல்லா இணைப்பையும் அறுத்துடும். அப்புறம் முதல்லேர்ந்து சாவியைப் பார்த்து..." புயல் பாதியில் நின்றான். முகம் வெளிறியது.

"தாவலேன்னா?"

"இணைப்பு தொடங்கும்போது பார்த்ததோட சரி," என்றான், குரல் இறங்கி. "நடுவுல திரும்பப் பார்க்காது. பார்க்கணும்னு நான் எழுதவே இல்லை சார். தள்ளித் தள்ளியே சோதிச்சதால, தாவல்தான் எங்களுக்காகச் சாவியைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கு."

"இது உங்க ஊகம்தானே?" என்றார் தலைவர் விடாமல்.

"ஊகம்தான். யாரும் கடிகாரத்தைத் தொடாதீங்க. உட்காருங்க."

அரை மணி ஆயுசுள்ள இன்னொரு சாவி. பேச்சு தொடங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். பத்தாவது நிமிடத்துக்குள் புயல் மூன்று முறை தண்ணீர் குடிக்கப் போய்வந்தான். தலைவர் நகம் கடித்தார். அவள் மட்டும் கைகளை மடியில் வைத்து, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். முப்பதாவது நிமிடம் கடந்தது. முப்பத்தொன்று. செத்த சாவியின் மேல், பேச்சு நடப்பதைக் காட்டும் பச்சை எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன.

தலைவர் தொலைபேசியை எடுத்தார். "வெளியீட்டை நிறுத்துங்க. ஆமா, எல்லாத்தையும்." வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் கையெழுத்துப் போட வேண்டாம்மா. என்னை மன்னிச்சிடு."

துப்பறிபவர் எழுந்து நின்றார். "நான் எதையும் கண்டுபிடிக்கலே. இவங்க ஏழு தடவை கண்டுபிடிச்சதைக் காது கொடுத்துக் கேட்டேன், அவ்வளவுதான்."

"ஆனா அக்கா," என்றான் புயல், "எல்லாரும் தள்ளறப்போ நீங்க மட்டும் ஏன் காத்துக்கிட்டிருந்தீங்க?"

அவள் அந்தக் கேள்வியே புரியாதவள்போல அவனைப் பார்த்தாள்.

"இதை நம்பிப் பேசறவங்க யாரும் கடிகாரத்தைத் தள்ள மாட்டாங்களே தம்பி. அவங்களுக்கு அரை மணி நேரம்னா அரை மணி நேரம்தானே?"