மேடானிலிருந்து வந்த விமானம்

"சாயங்காலம் கரகம் எடுக்க வேண்டியவன், திருடன்னு பேர் வாங்கி வீட்டுல முடங்கிக் கிடக்கான் அக்கா!"

மலேசியாவின் கோலா சிலாங்கூரில் இருந்த தன் கடையில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்த சீனி முகம்மதுவின் கை, துளசியின் குரல் கேட்டு அப்படியே நின்றது. போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற திலகா மட்டும் ரொட்டி சானாயைப் பிய்த்தபடி, "உட்காரு. முதல்லேருந்து சொல்லு" என்றார்.

துளசி சொன்னாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நேற்றுக் காலை எட்டு மணிக்குப் பூசாரி பார்த்த அம்மன் தாலி, பத்து மணிக்குப் பெட்டியில் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே பேரிடம்தான் உண்டு: அவள் தம்பி சரண், பொருளாளர் சசிகுமார். சசிகுமாரோ அந்நேரம் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தாராம்; டிக்கெட்கூட வைத்திருக்கிறாராம். இன்று மாலைக்குள் தாலி கிடைக்காவிட்டால் சரண் கரகம் எடுக்க முடியாது, போலீசுக்கும் போவார்கள்.

"அப்ப சரண்தான். சசிகிட்டதான் டிக்கெட் இருக்குலா" என்று சீனி தீர்ப்பே எழுதிவிட்டார்.

"போன வருஷம் கரகம் யார் எடுத்தது?" என்றார் திலகா.

"சசியண்ணன்தான். ஏழெட்டு வருஷமா அவர்தான். இந்தத் தடவை எங்க சரணுக்குக் கொடுத்தாங்க."

துளசியோடு திலகாவும் சீனியும் போனபோது, கோயிலில் தலைவர் உடையப்பனும் நிர்வாகத்தாரும் கூடியிருந்தார்கள். சசிகுமார் கைப்பேசியில் டிக்கெட்டைக் காட்டினார். மேடானில் எட்டு மணிக்குப் புறப்பாடு, இங்கே செப்பாங் விமான நிலையத்தில் பத்து மணிக்கு இறக்கம்.

"போனதும் விமானத்திலயா?" என்றார் திலகா.

"இல்ல மேடம், கிள்ளான்லேருந்து பெர்ரி கப்பல்ல."

"பாஸ்போர்ட்?"

"புதுப்பிக்க ஏஜெண்டுகிட்ட கொடுத்திருக்கேன்."

"பயணம் எப்படி?"

"ரெண்டு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்து இடுப்பு போச்சு. ஒரு முழுப் படமே பார்த்து முடிச்சிட்டேன்."

சீனி தலையாட்டினார். திலகாவும் தலையாட்டினார், ஆனால் சிரித்துக்கொண்டே.

"தம்பி, மேடானுக்கும் நமக்கும் நடுவுல ஒரு நீரிணைதான். விமானம் ஒரே மணி நேரத்துல வந்துடும். அங்க கடிகாரம் நம்மளவிட ஒரு மணி நேரம் பின்னால ஓடுது. டிக்கெட்டுல அந்தந்த ஊர் நேரத்தைப் போடுறான். பறந்து வந்தவனுக்கு ஒரு மணி நேரம். டிக்கெட்டை மட்டும் படிச்சவனுக்குத்தான் ரெண்டு."

சீனி தலையாட்டுவதை நிறுத்தினார்.

"மறதியா சொல்லிட்டேன் மேடம்" என்று சசிகுமார் இழுத்தார்.

"இருக்கலாம். அப்ப சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிடுங்க."

உடையப்பன் தட்டில் சூடம் ஏற்றினார். சசிகுமாரின் கை பாதி தூரம் போனது. சுடரைத் தொடாமலே திரும்பியது. பிறகு அவர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"அவன் பேரைக் கெடுக்கணும்னுதான் செஞ்சேன். ஆனா அம்மா தாலிய வாசப்படி தாண்டி எடுத்துட்டுப் போவேனா? மடப்பள்ளி அரிசிக் குண்டாவுக்குள்ள இருக்கு."

ஆளும் ஊரைத் தாண்டவில்லை, தாலியும் கோயிலைத் தாண்டவில்லை.

மாலையில் சரண் கரகத்தோடு தெருவில் வந்தான். வீட்டுக்கு வீடு காலில் மஞ்சள் நீர் ஊற்றினார்கள். சசிகுமார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நேரே போய்விடுவான் என்றுதான் சீனி நினைத்தார். சரண் அங்கேயும் நின்றான். உறுமி ஓயாமல் ஒலித்தது. கடைசியில் கதவு திறந்தது. சசிகுமார் செம்போடு வந்து, தலை நிமிராமல், அவன் காலில் நீரை ஊற்றினார்.