நான்காவது மழைக்கோட்டு

மூன்று பேருக்குப் போட்ட பட்டியலில் நான்கு மழைக்கோட்டுகள் இருந்தன.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருடமாகச் சுற்றுலா அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களின் விடுமுறைக்கெல்லாம் திட்டம் போட்டுக் கொடுத்தவள், இப்போதுதான் முதல்முறையாகத் தன் குடும்பத்துக்குப் போடுகிறாள். அந்தப் பரபரப்பில் கை தவறியிருக்கும். நான்கை அழித்து மூன்று என்று அடித்தாள். கணவன், அவள், மகள். எரிமலைத் தீவுகளில் ஒன்பது நாள். கறுப்பு மணல் கடற்கரை, வெந்நீர் ஊற்று, ஆறாவது நாள் விடிகாலையில் எரிமலை வாயின் விளிம்பு வரை நடை.

சனிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேஜையின் மறுபக்கத்தில், கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவன் யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். ஆறு வயது மகள், புதிதாக வாங்கிய சிவப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கழற்றமாட்டேன் என்று கூடத்தையே சுற்றி வந்தாள்.

"வீட்டுக்குள்ள என்ன மழை பெய்யுதா, வாலு?"

"எரிமலைல எப்பவும் தூறிக்கிட்டே இருக்கும்னு அம்மா சொன்னாங்க."

"அதுக்கு இப்பவே நனையணுமா?"

அப்பாவும் மகளும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் திரையில் மழைக்கோட்டு எண்ணிக்கை மறுபடி நான்காகியிருந்தது.

அவர்கள் அலுவலகத்தில் யாரும் ஒரு பயணத்தை முதலிலிருந்து எழுதுவதில்லை. அதே ஊருக்குப் போன பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, நகல் எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றிக்கொள்வார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. மூடிய ஃபைலைத்தான் நகல் எடுக்க வேண்டும். போனவர்கள் திரும்பி வந்ததும் தலையை எண்ணி, 'போனவர் இத்தனை, வந்தவர் இத்தனை' என்று எழுதி மூடுவார்கள். மூடாத ஃபைலில் பழைய ஆட்களின் சமாச்சாரம் அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தத் தீவுகளுக்கு அலுவலகத்தில் இருந்தது ஒரே ஃபைல். அதுவும் நான்கு வருடமாகத் திறந்தே கிடந்தது.

போனவர் நான்கு. வந்தவர் மூன்று.

வராதவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி, மகன், மருமகளோடு போனவர். கிளம்புவதற்கு முன் அவளிடம் வந்து, "எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்மா, விளிம்புக்கு நடக்க வழிகாட்டி வேணுமா?" என்று கேட்டார். வழிகாட்டியைச் சேர்த்தால் படகு மறுநாளுக்குத் தள்ளிப் போகும், ஃபைலையே திருப்பி எழுத வேண்டும், வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வேறு. "தேவையில்லைங்க, நேர்ப்பாதைதான்" என்றாள். ஆறாவது நாள் மூடுபனியில், மஞ்சள் மழைக்கோட்டோடு அவர் காணாமல் போனார். மூன்று நாள் தேடியும் மூக்குக்கண்ணாடி மட்டுமே கிடைத்தது. விசாரணை வருவதற்குள் ஃபைலில் 'தேவையில்லை' என்பதை 'அவசியம்' என மாற்றிவிட்டாள். ஒரு சொல்தான். அந்தச் சொல்லைக் கணவனிடம்கூட அவள் சொன்னதில்லை.

நினைப்பை மாற்ற, மகளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு விளிம்பு கேமராவைத் திறந்து காட்டினாள். வானிலை பார்க்க அங்கே நட்டு வைத்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வரும். சாம்பல் நிறப் புகை, ஈரத்தில் மினுங்கும் கரும்பாறை, துருப்பிடித்த கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம், புகை கலைந்த இடத்தில் சின்னதாக ஒரு மஞ்சள்.

"யாரோ நிக்கிறாங்கம்மா."

"நடக்கப் போனவங்களா இருக்கும்."

பத்து நிமிடம் கழித்து வந்த படத்திலும் மஞ்சள் நின்றது. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகும் நின்றது. அப்போது வேலிக்கு இந்தப் பக்கம். வீட்டில் தீக்குச்சி கிழித்து அணைத்த வாடை வந்தது. சமையலறைக்குப் போய் அடுப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பு காலையிலிருந்து எரியவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில், தீவு ஹோட்டலிலிருந்து கடிதம் வந்திருந்தது. படித்ததும் போனை எடுத்தாள்.

"நாங்க மூணு பேர்தான். நீங்க நாலுன்னு போட்டிருக்கீங்க."

"தங்குறது மூணு பேர்தான்மா," என்றாள் வரவேற்பில் இருந்த பெண், பொறுமையாக. "திரும்பி வர்றதுதான் நாலு. உங்க ஃபைல்ல அப்படித்தான் இருக்கு. திரும்புற தேதியும் இன்னிக்குன்னு இருக்கு."

"இன்னிக்கா? நாங்க இன்னும் கிளம்பவே இல்லையே."

"நீங்க கிளம்பலம்மா. அவர் காலையிலேயே பையை எடுத்துக்கிட்டுக் கீழ வந்து உட்கார்ந்திருக்கார்."

போனில் கொஞ்ச நேரம் ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியிலிருந்து தரையில் சொட்டுகிற சத்தம். அவள் போனை வைத்துவிட்டாள்.

போகும் தேதியை மாற்றியவள், திரும்பும் தேதியைத் தொடவே இல்லை. அது நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பழைய குடும்பம் திரும்பிய அதே தேதி, அதே மாதம். பயத்தில் மனுஷிக்கு யோசனை ஓடாது, பழகிய வேலையைத்தான் கை செய்யும். திரும்புவோர் என்ற கட்டத்துக்குப் போனாள். 4 என்பதை அழித்தாள். 3 என்று அடித்தாள். உறுதியா என்று கேட்டது. ஆம் என்றாள்.

அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

"முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?" பக்கத்து மேஜை அக்கா கேட்டாள். ஃபைல்களை எண்ணி மூடுவது அக்காவின் வேலை. அக்காவிடம் பாதியைச் சொன்னாள். ஆசிரியரிடம் சொன்னதையும் ஃபைலில் மாற்றி எழுதியதையும் மட்டும் சொல்லவில்லை.

"மூடாத ஃபைலையா எடுத்தே?" அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "சரி. பெயரை எடுத்தியா?"

"எண்ணிக்கையை மாத்திட்டேன்க்கா."

"எண்ணிக்கையை மாத்தினா ஆச்சா? ஆளை எடுக்கணுமே. நீ எடுக்கலேன்னா அது தானாவே பட்டியல்ல கடைசியா இருக்கிற ஆளை வெட்டிடும்."

பட்டியல். முதலில், பழைய ஃபைலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஆசிரியரின் பெயர். அடுத்தது கணவன். அடுத்தது அவள். குழந்தையின் பெயரை எப்போதும் கடைசியில்தான் எழுதுவார்கள்.

கட்டத்தைத் திரும்பத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. 'பயணம் தொடங்கிவிட்டது' என்று வந்தது. கேமராவைத் திறந்தாள். பாறை. வேலி. புகை. மஞ்சளைக் காணவில்லை.

பையை மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

வழியெல்லாம் கணவனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. வெயில் அடித்தது. தெரு காய்ந்து கிடந்தது. அவர்கள் மாடிப்படியில் மட்டும் ஈரம், ஒரு படி விட்டு ஒரு படி, அகலமான பாதங்கள், ஓரங்களில் கறுப்பு மணல். தீக்குச்சி வாடை மூக்கில் ஏறியது. கதவு திறந்திருந்தது.

கணவன் மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தான். மூன்று தட்டு.

"வா, வா. உனக்காகத்தான் காத்திருக்கோம்."

மகள் உட்காரும் நாற்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு, மஞ்சள் மழைக்கோட்டு. உட்கார்ந்திருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது. கணவன் அதன் முன்னால் குனிந்து, ஒரு மூக்குக்கண்ணாடியை நிதானமாக மாட்டிவிட்டான்.

"கண்ணு கொஞ்சம் மங்கலாம். இப்ப நல்லாத் தெரியுதுங்களா?"

மஞ்சள் தொப்பி மெல்ல ஆடியது.

"வாலு எங்க?" கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மறுபடி கேட்டாள். "நம்ம பொண்ணு எங்கங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அன்பாகத்தான் பார்த்தான். கடையில், தவறான கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்ப்பது போல.

"யாரு?"

கூடத்தில் ஒரு பொம்மை இல்லை. சுவரில் படம் இல்லை. கதவுக்குப் பின்னால், சிவப்பு மழைக்கோட்டு தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. அவள் அந்த ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தேவையில்லைன்னு நான்தான் சொன்னேன்," என்றாள், நாற்காலியைப் பார்த்து. நான்கு வருடம் கழித்து. "நான்தான் மாத்தி எழுதினேன். அவளை விட்டுடுங்க."

நாற்காலி திரும்பவில்லை. தண்ணீர் மட்டும் சொட்டியது.

கையில் போன் அதிர்ந்தது. பத்து நிமிடம் ஆகியிருந்தது, விளிம்பு கேமராவின் அடுத்த படம்.

பாறை. வேலி. புகை. வேலிக்கு அந்தப் பக்கம், சின்னதாக, சிவப்பாக, மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கேமராவையே பார்த்தபடி ஒரு குழந்தை நின்றது. யாரோ வந்து கூட்டிப்போகட்டும் என்று ஒரு கையை நீட்டி வைத்திருந்தது.