பின்சக்கரத்து இழை

ஒட்டிய சக்கரத்தில் நூல் சுற்றியிருந்தது.

தர்மதாஸ் விளக்கை அருகே இழுத்து, ஒரு சாண் நீளமே இருந்த அந்தக் கறுப்புக் காரைக் கவிழ்த்துப் பார்த்தான். பிளாஸ்டிக் கார். அமெரிக்காவில் இன்ஜினீயராக இருக்கும் மைத்துனன் பெட்டிக்குள் துண்டு துண்டாக அனுப்பிய மஸ்டாங். நீண்ட மூக்கு, புடைத்த தோள், அகன்ற பின்சக்கரம். ஒவ்வொரு துண்டையும் பிளேடால் நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்துச் சேர்த்தவன் அவனேதான். சக்கரம் சுற்றும்படி ஒட்ட வேண்டும் என்று பெட்டியிலிருந்த படம் காட்டியது. அவனோ வேண்டுமென்றே அச்சில் பசையை வழியவிட்டு அசையாதபடி இறுக்கிவிட்டான். பின்சக்கரம் சுழல்வதைப் பார்க்கும் தெம்பு போன மார்கழியோடு அவனை விட்டுப் போயிருந்தது.

இப்போது அதே அச்சில், பசை கல்லாய்க் காய்ந்த இடத்தின் மேல், அரக்கு நிறப் பட்டிழை ஒன்று பிசிறில்லாமல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. சக்கரம் சுழலாமல் அப்படிச் சுற்ற முடியாது.

மெருகு போடும் பட்டிலிருந்து பிரிந்து ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை அறுத்து எடுத்தான். அறுத்ததைக் குப்பைக் கூடையில் போடவில்லை, பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னுக்குள் போட்டான். தலைமுறை தலைமுறையாகப் பட்டு விற்ற கை அது. சுண்டுவிரல் நீளப் பட்டைக்கூட வீணாக்காது.

அந்தப் பழக்கம்தான் அவனைக் கெடுத்தது.

திருப்பருத்திக்குன்றத்தில் அது பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்து அடுப்பை அணைத்துவிடும் வீடு. எறும்பைத் தாண்டிக் கால் வைக்கும் சமணக் குடும்பம். அதனால் மாலை நேரம் நீண்டு கிடக்கும். மாடி அறையில் பசை நெடிக்கும் பெயின்ட் வாசனைக்கும் நடுவில் உட்கார்ந்து, தட்டில் கொட்டிய வெள்ளைப் பல்பொடியைப் பட்டுச் சுருளால் தொட்டு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, பானட்டின் மேல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பான். தேய்க்கத் தேய்க்கப் பெயின்ட்டின் மங்கல் விலகி, விளக்கும் ஜன்னலும் சுவரும் அந்தக் கறுப்புக்குள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். மனசு அடங்கும். இந்த ஒரு வேலையில்தான் அடங்கும்.

அன்று தட்டைப் பார்த்தபோது அடங்கவில்லை. பல்பொடியில் இரண்டு விரல் பதிந்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், சிட்டிகை எடுத்த தடம். அவன் விரலைவிட ரொம்பச் சிறியது.

"திரிசலா, மேல வந்தியா நீ?"

"நான் எதுக்குங்க அந்த நாத்தத்துக்கு வரப்போறேன்!" என்று கீழேயிருந்து மனைவி சிரித்தாள்.

மறுநாள் காலை நெசவாளி பரமசிவம் கடைக்குப் புடவை கொண்டுவந்தான். பிள்ளையார்பாளையத்துக்காரன், போன மார்கழியில் மனைவி பட்டம்மாளைப் பறிகொடுத்தவன். நெய்வது தர்மதாஸின் பட்டு. புடவையைப் பிரித்துக் காட்டிவிட்டு, போகாமல் நின்றான்.

"நாளைக்கு எங்க தெருவுல இழை விரிச்சுப் பாவு போட மாட்டோம் நயினாரே. பட்டம்மா திதி. தெருக்காரங்களே பேசி முடிவு பண்ணிக்கினாங்க."

"செய்யவேண்டியதுதான்பா."

"போலீசுல லாரின்னு எழுதிட்டாங்க. எழுதிக்கட்டும். அவ கையைப் புடிச்சுப் பார்த்தவன் நானு. வெரல்ல சிக்கியிருந்த இழையெல்லாம் கத்தியில வெட்டினாப்பல ஒரே சீரா இருந்துது. இஸ்துக்கினு போன வண்டின்னா பிஞ்சு இல்ல இருக்கணும்? லாரிக்காரன் எறங்கி வெட்டிட்டா போவான்?"

தர்மதாஸ் புடவையின் கரையைத் தடவிக்கொண்டிருந்தான். "இருட்டுல என்னா நடந்துதோ" என்றான்.

"வெட்டுன மிச்சமும் கெடைக்கல. தேடாத எடம் இல்ல." பரமசிவம் துண்டை உதறித் தோளில் போட்டான். "பாவை அரைகொறையா வுட்டுட்டுப் போறவ இல்ல நயினாரே அவ."

அவன் படியிறங்கிப் போனபின்பும் அந்தப் பேச்சு கடையை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு அவள் கருமாதி முடிந்த கையோடு, "பட்டுக்கு யாருப்பா பதில் சொல்றது?" என்று அந்த மனிதனைக் கேட்டவன் தர்மதாஸ். கேட்காவிட்டால் சந்தேகம் வரும் என்று கேட்டான். கேட்ட பிறகு அது நியாயமான கேள்விதான் என்று தானே நம்பியும்விட்டான். அவ்வளவு சாமர்த்தியம்.

அந்த மாலை, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மாடியேறினான். அறையில் கஞ்சி வாடை. புளித்த அரிசிக் கஞ்சி, பாவுக்குத் தடவுவது. ஜன்னலைத் திறந்தான், போகவில்லை. மூடினான், கூடியது. கார் மேசைமேல் பளபளத்தது. பின் அச்சில் மறுபடி இழை. நேற்று அறுத்து டின்னில் போட்ட அதே இழை. அறுத்த இடத்தில் நுனியோடு நுனி சேர்த்து முறுக்கிப் பிணைத்திருந்தது. பாவில் இழை அறுந்தால் நெசவுக்காரப் பெண்கள் விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு முறுக்குவார்களே, அந்தப் பிணைப்பு. முறுக்கில் சாம்பல் இல்லை. வெள்ளையாகப் பல்பொடி ஒட்டியிருந்தது.

அவன் உட்கார்ந்தான். கை தானாகப் பட்டுச் சுருளை எடுத்தது. தேய்த்தான். பானட்டின் கறுப்புக்குள் விளக்கு தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, அவன் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் கறை மாதிரி ஒன்று. அழுத்தித் தேய்த்தான். கறை தெளிந்தது. குனிந்திருந்தது. எதையோ பிணைப்பதுபோல் அதன் கைகள் அசைந்தன.

திரும்பிப் பார்த்தான். வெறும் சுவர்.

அப்போது அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பதுகூடப் பொய், அவன் ஒருநாளும் மறக்கவில்லை. மெட்ராஸில் கல்யாணத்துக்குப் போய்விட்டு, மனைவியை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிய விடியற்காலை. ஆள் தெரியாத பனி. தெரு நெடுகப் பாவு விரித்துக் கஞ்சி தடவும் நேரம். பாவு கிடந்தால் வண்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு தெருவாகச் சுற்றிப் போக வேண்டும். காஞ்சிபுரத்தில் பிறந்த நாய்க்குக்கூட அது தெரியும். தர்மதாஸுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இன்னும் விரித்திருக்க மாட்டார்கள் என்று அம்பாசடரைத் தெருவுக்குள் விட்டான். இழைகள் பம்பரில் விழுந்தன, பின்சக்கரத்தில் சுற்றின, வண்டி கனத்தது. பின்னால் ஆட்கள் கத்தினார்கள். அவன் நிறுத்தியது வேகவதி ஆற்றங்கரையில்தான்.

இறங்கிப் பார்த்தபோது, இழைகளோடு இழுபட்டு வந்த பட்டம்மாள் உயிரோடு இருந்தாள். அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்த விரல்களோடு பாவு மொத்தமும் சுற்றிக்கொண்டு கிடந்தாள். அவனை அடையாளம் தெரிந்துகொண்டாள். அவன் டிக்கியிலிருந்து கத்தியை எடுத்ததும் அவள் கேட்டது தண்ணீர் இல்லை.

"அறுக்காதீங்க நயினாரே."

அறுத்தான். அவளைக் கரையிலேயே விட்டுவிட்டு, அச்சிலிருந்த பட்டை எல்லாம் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வண்டியைக் கழுவினான், வேட்டியை எரித்தான். பட்டை மட்டும் எரிக்க அந்தக் கைக்கு மனசு வரவில்லை. அலசி, உலர்த்தி, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தான். மெருகுக்கு அதைவிட மிருதுவான பட்டு இந்த ஊரில் ஏது?

சுருளைக் கீழே போட்டுவிட்டு அறையைப் பூட்டினான். நாளைக்கே டின், கார் எல்லாவற்றையும் ஆற்றில் எறிந்துவிட வேண்டும் என்று சபதம் செய்தான். இப்போதே போயிருக்கலாம். வேகவதிக் கரைக்குப் பொழுது சாய்ந்தபின் போக அவனுக்குப் பயமாயிருந்தது.

விடியற்காலையில் திரிசலா கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். வாசற்கதவு சாத்திய சத்தம் ஓய்ந்ததும் இன்னொரு சத்தம் கேட்டது. வரக். வரக். கஞ்சி தோய்த்த பிரஷ்ஷால் பாவை நீவும் சத்தம். பிள்ளையார்பாளையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இங்கே கேட்காது. தவிர, இன்றைக்குப் பரமசிவத்தின் தெருவில் பாவும் இல்லை.

சத்தம் மாடியில்.

அவன் ஏறினான். பூட்டைத் திறந்தான். அறை பனியாக இருந்தது. மேசையில் கார். அதன் பின் அச்சிலிருந்து இழைகள் புறப்பட்டு, ஒன்றல்ல, நூறு, ஆயிரம், அரக்கு நிறத்தில் விரிந்து, அறையைக் கடந்து, ஜன்னல் வழியாக வெளியே, பனிக்குள், ஆற்றுப் பக்கம், தொய்வில்லாமல் நீண்டு போயின. கஞ்சியின் ஈரம் சொட்டியது. தரையில் பிஸ்கட் டின் காலியாகக் கிடந்தது.

பிளேடு மேசைமேல் இருந்தது. பாய்ந்து எடுத்தான்.

"அறுக்காதீங்க நயினாரே."

பக்கத்திலிருந்து. காதுக்குப் பக்கத்திலிருந்து.

கண்ணை மூடிக்கொண்டு அறுத்தான். கத்தியவன் அவனேதான். வலி உயிரைப் பிடுங்கியது. வலித்தது கையில். பிளேடு விழுந்தது. விரல்களைப் பார்த்தான். ஒவ்வொரு நகத்தின் அடியிலிருந்தும் ஓர் இழை. சதையோடு சதையாக. முறுக்கிப் பிணைத்திருந்தது. அழகான பிணைப்பு. முடிச்சே தெரியவில்லை. எப்போது செய்தாள்? ராத்திரியா? தேய்த்துக்கொண்டிருந்த மாலைகளிலா?

"பட்டம்மா" என்றான். "தெரியாம பண்ணிட்டேன்மா."

பொய். அவளுக்கும் தெரியும்.

பசை விரிசல் விட்டது. சின்னச் சத்தம். மேசைமேல் பின்சக்கரம் அசைந்தது. நின்றது. அசைந்தது. சுற்றத் தொடங்கியது. மெதுவாக.

இழை இறுகியது. கைகள் நீண்டன. மேசை விளிம்பு மார்பில் இடித்தது. முகம் காரின் மேல் கவிழ்ந்தது. அவன் அத்தனை மாலையும் தேய்த்த பானட். கண்ணாடி. அதில் அவன் முகம். அவன் தோளுக்கு மேல் அவள் முகம். கோபம்கூட இல்லை அதில். வேலையில் இருந்தாள்.

கீழே வாசற்கதவு திறந்தது. "என்னாங்க, பிரசாதம் கொண்டாந்திருக்கேன்" என்றாள் திரிசலா.

வாயைத் திறந்தான். உதடுகள் பிரியவில்லை. அரக்கு நிறத்தில் பிணைத்திருந்தது.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டம்மாள் இரண்டு விரலால் பல்பொடியைத் தொட்டுக்கொண்டு, குனிந்து, அடுத்த இழை நுனியைத் தேடினாள். அவன் இமை மயிர் ஒன்றைப் பிடித்து மெதுவாக முறுக்கத் தொடங்கினாள்.