ஆறாவது கோடு

கடுங்குளிரில் கூசி என்ற ஊசியிலை மரம் பருக்காது. உள்ளே ஓடும் நீர் ஒடுங்கிப்போய், அடிமரம் ஒரு மயிரிழை இளைக்கும். வெயில் திரும்பும்வரை அப்படியே கிடக்கும். அதனால்தான், மதியம் தாண்டியதுமே இருட்டிவிட்ட சமையலறையில், மடிக்கணினித் திரையில் இரண்டாவது கோடு துள்ளி மேலே போய் இறங்கியதைப் பார்த்ததும் ஹில்ப்பா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

பட்டி தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். கல்லறைத் தோட்டத்தின் முனையிலிருந்து அவள் வீட்டு வாசற்படி வரைக்கும் வரும் காட்டுப் பாதையில் ஐந்து மரங்களின் இடுப்பில் எஃகுப் பட்டி கட்டியிருந்தாள். மரம் பருத்தாலும் இளைத்தாலும் பட்டி அறியும். அறிந்ததைக் கம்பியில்லாமல் சமையலறைக்கு அனுப்பும். வறட்சியிலும் வண்டு விழும்போதும் மரம் என்ன பாடுபடுகிறது என்று கணக்கெடுப்பது அவள் வேலை. மரத்துக்கு நாடி பார்க்கிறவள் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

இந்த ஊர்ப் பேச்சில் ஊசியிலை மரங்களில் உயரமான இதற்கும் கூசி என்றுதான் பெயர், ஆறு என்ற எண்ணுக்கும் கூசிதான். அவள் கணவன் தௌனோவுக்கு அது போதும். கூடவே ஆராய்ச்சி செய்தவன், காட்டிலிருந்து வந்தால் கூசியை வைத்து ஏதாவது சிலேடை பேசுவான். மரங்களுக்குப் போக ஒரு பட்டி மிஞ்சியபோது அதை அவள் இடுப்பில் சுற்றி, முதுகுப் பக்கம் கொக்கியை மாட்டினான். "நீதான்டி ஆறாவது. என் கூசி." திரையில் ஆறாவது கோடு அவள் மூச்சோடு ஏறி இறங்கியது. "பாரேன், இந்த மரம் மட்டும் பெருமூச்சு விடுது!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு அதைக் கழற்றிக் கதவோர ஆணியில் மாட்டினான். அன்றிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது. ஆறாவது கோடு திரையின் அடியில் அசையாமல் கிடக்கிறது.

காட்டிலிருந்து திரும்பும்போது அவன் ஒவ்வொரு மரத்தையும் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் வருவான். கருவி பொய் சொல்லும், கை சொல்லாது என்பான். கட்டிப்பிடிக்கும்போது பட்டி இழுபட்டு, திரையில் கோடு துள்ளும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் வருவது சமையலறைக்குத் தெரியும். மூன்று துள்ளியதும் ஹில்ப்பா காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைப்பாள். ஐந்து துள்ளியதும், "தொறந்துதான் இருக்கு!" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பாள்.

ஏப்ரலில் தௌனோ ஏரியின் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனான். ஏரி உருகிய பிறகுதான் கிடைத்தான். அன்றுமுதல் ஹில்ப்பாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அடக்கத்தில் அழுகை வரவில்லை. ஒருநாள் அடுப்பில் கை பட்டது. கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டது தெரிந்தது.

அடக்கம் முடிந்த அன்று தௌனோவின் அண்ணன் வெய்யோ, மரம் வெட்டுகிறவன், முனையிலிருந்த முதல் கூசியின் கீழ்க்கிளைகளை எல்லாம் கழித்துவிட்டு, அடிமரத்தில் தம்பியின் பெயரையும் இறந்த ஆண்டையும் செதுக்கினான். கர்சிக்கோ என்பார்கள். செத்தவன் வீட்டுக்குக் கிளம்பி வந்தால், தன் பெயரை அங்கே பார்த்து, தான் செத்துவிட்டதை உணர்ந்து திரும்பிப் போவானாம். பட்டி கட்டிய மரத்தில் போய் இதைச் செய்தானே என்று ஹில்ப்பாவுக்கு எரிச்சல். கோடையில் அந்தக் காயத்தின் வழியாக வண்டு இறங்கி மரம் பழுத்தது. அவள் போகும்போதும் வரும்போதும் அதைச் சொல்லிச் சொல்லி முணுமுணுத்தாள்.

மூன்றாவது கோடு துள்ளியது.

வெளியே காற்றில்லை. சுவரின் மரப்பலகை குளிரில் எங்கோ படாரென்று வெடித்தது. குளிர்பெட்டி முனகி நின்றது. அதன்பின் வந்த அமைதியில், மைனஸ் இருபத்தைந்தில் எல்லாம் கல்லாகிக் கிடக்கும் அந்த வெளியில், எங்கிருந்தோ நீர் சொட்டும் ஓசை மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தாள். முதல் கோடு காலையோடு அறுந்திருந்தது.

வெய்யோவுக்குப் போன் போட்டாள். 

"மொத மரத்துப் பட்டியத் தொட்டியா?"

"கழட்டி வண்டில வெச்சிருக்கேன். மரமே போயிடுச்சு, பட்டி எதுக்கு?"

"போயிடுச்சா?"

"நீதானே மெசேஜ் அனுப்புன, கூசி வெட்டுன்னு. விடிஞ்சதும் வெட்டிட்டேன்."

"ஆறு, வெய்யோ! ஏரிக்கரைல வண்டு விழுந்த ஆறு மரம். செவப்பு நாடா கட்டியிருக்கேனே!"



"எண்ணாப் போட்டிருக்கக் கூடாதா?" என்றான் வெய்யோ. "அந்த மரத்தப் பாத்தாலே மொகத்தச் சுளிப்பே. இனிமே பாக்க முடியல போலிருக்குன்னு நெனச்சேன். வாள வெக்கறதுக்கு முன்னாடி, ஹில்ப்பா, ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"விடு, மரம்தானே."

"மரம்தானேவா? கதவச் சாத்து. நான் வரேன். வண்டி கெளம்பலேன்னா நடந்தாவது வரேன். அவனப் பத்தி உனக்குத் தெரியாதா? ஏரிக்கு மட்டும் உன்ன விட்டுத் தனியாப் போக மாட்டான். அன்னிக்கு ஒருநாள்தான் போனான். இந்த வாட்டி விட்டுட்டுப் போக மாட்டான்."

காட்டெருமையளவு பெரிய கடமான்கள் இங்கே உண்டு. முதுகை மரத்தில் தேய்க்கும். கடமானாக இருக்கும். ஹில்ப்பா அதைத் தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பியபோது அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. வைத்த நினைவே அவளுக்கு இல்லை. மேசையில் கோப்பைகளும் இருந்தன. இரண்டு.

பயம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான்காவது கோடு துள்ளியது. இப்போது வாசனையும் வந்தது. கதவிடுக்கு வழியாக, புதிதாய் அறுத்த மரத்தின் பிசின் வாசனை, அதற்கு அடியில் ஏரிச் சேற்றின் வாசனை. உறைபனியை மிதித்தால் நறநறக்க வேண்டும். நறநறக்கவில்லை. சொட்டும் ஓசை மட்டும் நடந்து வந்தது.

எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கனத்த இரும்பு. நன்றாக விழுந்தது. கையை எடுக்காமல், தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

ஐந்தாவது கோடு ஏறியது. இறங்கவில்லை. வாசற்படி ஓரத்து மரம். வந்தது அதை வெகுநேரம் கட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு கோடு இறங்கியது.

"தொறந்துதான் இருக்கு," என்றாள் ஹில்ப்பா.

அவள் சொல்லவில்லை. வாய் சொன்னது. பழகிய வாய். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு அசையவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. சொட்டும் ஓசை நின்றுவிட்டது. பெருமூச்சு ஒன்று வந்தது அவளுக்கு. தலையைத் திருப்பினாள்.

ஆணியில் பட்டி இல்லை.

ஆணிக்குக் கீழே தரையில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது.

திரையில் ஆறாவது கோடு எழுந்துவிட்டிருந்தது. ஏறியது. இறங்கியது. ஏறியது. மூச்சை அடக்கினாள். கோடு நின்றது.

இடுப்பைச் சுற்றிக் குளிர். இரண்டு பக்கமிருந்தும். மெதுவாக. முதுகுப் பக்கம் கொக்கி மாட்டும் சின்னச் சத்தம். உடம்பெல்லாம் கூசியது. பிடரியில் ஈரமான ஒரு மூச்சு, அவள் பெயரைச் சொல்லவில்லை. மரத்தின் பெயரைச் சொன்னது.

வலித்தது. ஏப்ரலுக்குப் பிறகு முதன்முதலாக வலித்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

பாதையில் வெய்யோவின் குரல் கேட்டது. "ஹில்ப்பா! கதவத் தொற! ஹில்ப்பா!" அவள் பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். காற்று உள்ளே வர இடமில்லை.

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. வெய்யோ கதவை முட்டியால் இடித்துக்கொண்டிருந்தான். திரையில், குளிரில் மரம் இளைப்பதுபோல, மயிரிழை மயிரிழையாக, ஆறாவது கோடு இறங்கிக்கொண்டே இருந்தது.