காய்ச்சாத பால்

உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த அந்த வீடு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. ரத்தப் புற்றுநோய்க்குச் சென்னையில் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பிய கணவன் மோகன்குமாரை தேவகி அங்கேதான் அழைத்து வந்தாள். அவர்கள் வீட்டில் மாடு, எரு, சளி பிடித்த பிள்ளைகள். "உடம்புல எதிர்ப்பு சக்தியே இருக்காது. தனியா வைங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முந்தின நாளே வந்து பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தாள். ஆனாலும் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு ஈர வாடை வந்து முகத்தில் மோதியது.

முகக்கவசம் இல்லாமல் அவள் அவனருகே போவதில்லை. கொதித்து ஆறிய தண்ணீர். சுடச்சுடச் சமைத்த சாப்பாடு. பூ கூடாது, பச்சைக் காய் கூடாது, காய்ச்சாத பால் கூடவே கூடாது. பார்க்க வந்தவர்களை வேலிக்கு அப்பாலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். கை கழுவிக் கழுவி விரல்கள் வெளுத்துப்போயின.

ஒரு மதியம், துணி துவைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே யாரோ இருமினார்கள்.

சளி கோத்த, நீளமான இருமல்.

ஓடினாள். கட்டிலில் அவன் மட்டும்தான்.

"நீங்களா இருமுனீங்க?"

"நான் இல்ல. அடுப்பாங்கரையில யாரு கீறாங்க?"

யாரும் இல்லை.

அவனுடைய அத்தை மங்கம்மா அந்த வீட்டில்தான் இருமி இருமிச் செத்துப்போனாள். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள்.

மறுநாள் அவன் உதட்டோரம் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. முகக்கவசத்தையும் மீறிப் பச்சைப்பால் வீச்சம்.

"இன்னா குடிச்சீங்க?"

"அத்தை குடுத்துச்சு" என்றான் தூக்கக் கலக்கத்தில். "எளைச்சுப் போய்ட்டியேன்னு அழுதுகினே குடுத்துச்சு. வேணான்னு எப்டி சொல்றது?"

வீட்டில் பாலே இல்லை.

தேவகி அடுப்பங்கரை வாசலில் நின்று, இருட்டு மூலையைப் பார்த்துக் கைகூப்பினாள். "அத்தை, உனக்கு ஆசைதான். ஆனா நீ தொட்டா அவரு தாங்க மாட்டாரு. போய்டு அத்தை."

திரும்பினாள்.

பிறகு அதே இருமல். அவள் காதருகே.

மாலையில் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. காய்ச்சல் நூற்றொன்று. "ஒரு மாத்திரை போட்டுப் பாரும்மா, காலையில போலாம்" என்றார் போனில் கார்க்காரர் கன்னியப்பன்.

"காச்சல் வந்தா மாத்திரை குடுக்காம, ஒடனே கொண்டாந்துடணும்னு சொல்லிக்கீறாங்கண்ணா. வண்டிய எடுத்துக்கினு வா."

மருத்துவமனைக்குப் போனதுமே ஊசி போட்டார்கள். "விடியட்டும்னு இருந்திருந்தா காப்பாத்தியிருக்க முடியாது" என்றார் டாக்டர். அவனைத் தனியறையில் வைத்தார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. அன்றுதான் தேவகி வாய்விட்டு அழுதாள்.

கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அறையின் கண்ணாடிச் சுவர் முன்னால் போய் நின்றாள். தள்ளி, கட்டிலில் அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே வேறு யாருமில்லை.

அவள் முகத்துக்கு நேராக, கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டாற்போல் ஆவி படர்ந்தது.

முந்தானையால் துடைத்தாள்.

போகவில்லை.

அது உள்பக்கம் இருந்தது.