கெலாருவிலிருந்து வந்த மதாம்

2008 ஜூன் மாதம், இரண்டு பெட்டிகளோடு இத்ரீஸ் உத்தமபாளையத்துப் பழைய வீட்டில் வந்து இறங்கினான். கெலாரு தீவில் ஆறு வருஷம் சமையல் வேலை; நடுவில் போன நவம்பரில் ஒரு மாத லீவில் வந்துபோனதோடு சரி. எலும்பு வரைக்கும் அசதி. படுத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்த அமைதியில், ஆளில்லாத கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம். பின்னாலேயே கடல் உப்பேறிய ஈரக் கயிற்று வாடை.

கடலோ மலைக்கு அந்தப் பக்கம்.

"ஏங்க, யாரைக் கூட்டியாந்தீக?" மனைவி பெனாசிர் கிசுகிசுத்தாள்.

அவன் மறைக்கவில்லை. கெலாரு சின்ன நாடு. மொத்தமே எட்டாயிரம் பேர். இறந்தவர்களைத் தோணியில் ஏற்றிக் கடலுக்குள் விட்டுவிடுவார்கள். 'இனி வராதே' என்று ஒருவர் கரையில் நின்று சொல்லியாக வேண்டும். சொந்தபந்தம் முதுகைக் காட்டி நிற்கும். வேலைக்காரன்தான் தன் பாஷையில் சொல்ல வேண்டும். முதலாளியம்மா மதாம் ஒலீனா இறந்த அன்று அந்த வேலை இத்ரீஸிடம் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டிய மனுஷியிடம் அதை எப்படிச் சொல்வது?

"போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டான்.

"நல்லாச் சொன்னீக! மதுரை பஸ்ஸுல ஏத்திவிட்ட மாதிரி." பெனாசிர் ஏழு மாதக் கர்ப்பிணி. துணிப்பையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். "அவக இருக்கிற வீட்டுல எம்புள்ள பிறக்கக் கூடாது. அனுப்பிட்டுச் சொல்லுங்க, வாறேன்."

பதினொரு நாள் தூக்கமில்லை. நாற்காலி நகரும். வாய் திறப்பான், மூடிக்கொள்வான். பன்னிரண்டாம் நாள் மத்தியானம், சுவரில் சாய்ந்தபடியே சொன்னான்.

"இனி வராதீகம்மா. மன்னிச்சிருங்க."

நாற்காலி நின்றது.

வாடை மெல்ல வாசலைத் தாண்டியது.

பெற்ற தாயை விரட்டியவன் போல அழுதான். பிறகு பெனாசிருக்குப் போன் செய்தான்.

சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும்போது அவள் ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு சிரிப்பு.

"வாசல்ல ஒரு வயசான அம்மா வெயில்ல நின்னாக. தண்ணி வேணும்னு கை காட்டுனாக, பாவம். புள்ளைத்தாச்சின்னு வயித்தைத் தடவிக் குடுத்தாக. உள்ள வாங்கன்னேன்." கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "எனக்கு முன்னாடி நுழைஞ்சாகளே, எங்க?"

இத்ரீஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சேலையில், வயிற்றின் மேல், ஐந்து விரல்களாய் உப்புப் பூத்திருந்தது.