அகழி வீட்டு ஈரம்

இரண்டு வெப்பமானிகளும் ஒரே அளவைக் காட்டின. ரோஸ்மேரி ஒன்றின் அடியில் சுற்றியிருந்த துணியைப் புதுத் தண்ணீரில் நனைத்து, மறுபடி ஆணியில் மாட்டிக் கால்மணி நேரம் காத்திருந்தாள். ஈரத்துணி சுற்றியது கொஞ்சமாவது குறைத்துக் காட்ட வேண்டும். காட்டவில்லை. அந்த அறைக் காற்றுக்கு இனி ஒரு சொட்டு ஈரத்தைக்கூட வாங்க இடமில்லை என்று அதற்கு அர்த்தம். வெளியே சித்திரை வெயிலில் செஞ்சிக்கோட்டைப் பாறைகள் கொதித்துக்கொண்டிருந்தன. மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.

அது நாற்பத்தாறாம் வருஷம். பழைய அகழியைத் தூர்த்துக் கட்டிய எட்டு வீடுகளில் ஈரம் எப்படி ஏறுகிறது, குடியிருப்பவர்களின் நெஞ்சை அது என்ன செய்கிறது என்று ஆராய, பட்டணத்து டாக்டர் ஒருவர் நர்ஸான அவளை அனுப்பியிருந்தார். தினமும் பகல் மூன்று மணிக்கு அளக்க வேண்டும். முப்பது நாள். நடுவில் யாரையும் வீடு மாறச் சொல்லக்கூடாது, சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று கடிதத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

அவள் இப்போது நின்றிருந்த கடைசி வீட்டில் குமாஸ்தா ரங்கநாதனும் அவர் மனைவி சாமுண்டீஸ்வரியும் இருந்தார்கள். முதல் நாள் சுவரில் கணுக்கால் உயரத்தில் இருந்த ஈரம், இந்தப் பத்தாம் நாளில் இடுப்புக்கு வந்திருந்தது. நனைந்த சாக்கும் பழைய அரிசியும் கலந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. கட்டிலில் படுத்திருந்த ரங்கநாதன் இருமி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அவலூர்பேட்டையில மச்சான் வூடு காலியா இருக்குது. போயிட்டா தேவலையா, நர்ஸம்மா?"

போங்கள் என்ற சொல் நாக்கு வரை வந்தது.

"இன்னும் இருவது நாள் இருங்க சார்," என்றாள்.

அவர் தலையாட்டினார். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று மனைவியிடம் சொன்னார்.

அதன்பின் ரோஸ்மேரிக்குள் ஏதோ மரத்துப்போனது. வந்தாள், அளந்தாள், எழுதினாள். ஈரம் மார்புக்கு, கழுத்துக்கு. அவர் இருமல் இரவு பகல் என்று நிற்காமலாயிற்று. பதினெட்டாம் நாள் காலை இறந்துபோனார். ஆற்றங்கரையில் எரித்தார்கள். புகை எழுந்ததைத் தூரத்தில் நின்று பார்த்தாள். அழுகை வரவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குப் போனாள். அளப்பதற்கு அல்ல. சாமுண்டீஸ்வரியையாவது இன்றைக்கே கிளப்பிவிட வேண்டும்.

தெருக்கதவு சாத்தாமல் கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் இல்லை. கூடத்துத் தரை காலுக்கடியில் பிசுபிசுத்தது, சுவர்கள் உச்சிவரை கறுத்திருந்தன, உள்ளறையின் இருட்டிலிருந்து வெதுவெதுப்பான காற்று ஒன்று முகத்தில் பட்டது, பின் மெல்ல உள்ளே இழுபட்டது.

மறுபடி வந்தது. மறுபடி இழுபட்டது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

ஆண் இருமல். அவளுக்குத் தெரிந்த இருமல்.

"சாமுண்டி?"

"மெதுவா வாங்க நர்ஸம்மா," என்றது பெண்குரல். "இப்பத்தான் கண்ணசந்தாரு."

கட்டில் காலி. பாய் இல்லை. கண் இருட்டுக்குப் பழக நேரமானது.

சாமுண்டீஸ்வரி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். ஒரு கன்னம் சுவரில். இரண்டு கையும் விரித்துச் சுவரில். விரல்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. வெண்மையான பூஞ்சை, பஞ்சுபோல, முழங்கை வரை வளர்ந்திருந்தது. காதை மூடியிருந்தது. பாதி உதட்டை மூடியிருந்தது.

மூடாத பாதி சிரித்தது.

சுவர் புடைத்தது. அவளும் அதோடு உயர்ந்தாள். சுவர் தணிந்தது. அவளும் தணிந்தாள். பிறகு இருமல் வந்தது, ஈரமாக, நீளமாக, அவள் வாயிலிருந்தும் அவளுக்குப் பின்னாலிருந்த சுண்ணாம்பிலிருந்தும், ஒரே சமயத்தில்.